வியாழக்கிழமை திறந்த சூளை

நீலாவதி டீச்சர் சட்டமன்றத்துக்குப் போனதற்கு அவருடைய ஆசையைவிட மற்ற இருவரின் பகைதான் பெரிய காரணம். கட்சியின் நகரச் செயலாளர் ராஜ்மோகனுக்கும் ஒன்றியச் செயலாளருக்கும் ஆகாது. ஒருவருக்கு சீட்டு கொடுத்தால் இன்னொருவர் உள்ளிருந்தே தோற்கடித்துவிடுவார் என்பது தலைமைக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் எதிரியில்லாத, ஊருக்குத் தெரிந்த ஒரு முகம் வேண்டும் என்று தேடினார்கள். விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பல வருடங்களாக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் அகப்பட்டார்.

அதற்கு முந்தின வருடம்தான் அவர் பெயர் பேப்பரில் வந்திருந்தது. கருவேப்பிலங்குறிச்சி பக்கத்திலிருந்து படிக்க வரும் பெண் பிள்ளைகளுக்குக் காலையில் பஸ் இல்லை. பிள்ளைகள் முதல் பீரியடைத் தவற விட்டுக்கொண்டே இருந்தார்கள். மனு கொடுத்துப் பார்த்து அலுத்துப்போன டீச்சர், ஒருநாள் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பஸ் வந்தது. கூடவே, அரசு ஊழியர் ரோட்டில் உட்காரலாமா என்று விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது.

சீட்டு கொடுப்பதாகச் சொன்ன அன்று அவருடைய கணவர் கோகுலகிருஷ்ணன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையிலிருந்து ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேலைய ராஜினாமா பண்ணாத்தான் நிக்க முடியும். தெரியும்ல?"

"தெரியுங்க."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா வூட்ல இருக்கேன். உங்களுக்கு சூடா சாப்பாடு கெடைக்கும்."

"அப்ப நீ தோக்கறதுதான் எனக்கு நல்லது" என்றார் அவர். ஆனால் மறுநாள் ராஜினாமா கடிதத்தை எடுத்துக்கொண்டு கூடவே போனதும் அவர்தான்.

பிரச்சாரத்தில் டீச்சருக்கு மேடைப்பேச்சு வரவில்லை. மைக்கைப் பிடித்ததும் கூட்டம் அமைதியாகும்வரை வாயைத் திறக்காமல் நிற்பார். பழக்கதோஷம். "பேசுங்க டீச்சர், நாங்க ஓம்வொர்க்கு பண்ணிட்டோம்!" என்று எவனாவது கத்துவான். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கிய பிறகுதான் பேசுவார், அதுவும் ஐந்து நிமிடம்.

செராமிக் தொழிற்பேட்டைக்கு ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் அந்த வாக்குறுதியைக் கொடுத்தார். அங்கே நாற்பது பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவரவர் கொட்டகையில் அச்சில் களிமண் கரைசலை ஊற்றி, கொலு பொம்மை செய்து காயவைப்பார்கள். சுடுவதற்கு மட்டும் வழியில்லை. பெரிய கம்பெனிக்காரர்களின் சூளையில் இடம் கேட்டு நிற்க வேண்டும். அவர்கள் தங்கள் சரக்கை முதலில் ஏற்றிவிட்டு, மிச்ச இடம் இருந்தால் கொடுப்பார்கள். நவராத்திரி நெருங்கும் நேரத்தில் மிச்ச இடம் இருக்காது.

சங்கத்தின் தலைவி கண்ணம்மாள். கை முழுக்க வெள்ளை மண்ணோடு வந்து வண்டியை மறித்தாள்.

"எங்களுக்கு ரோடு வேணாம், லைட்டு வேணாம். எங்களுக்குன்னு ஒரு சூளை வேணும். வர்றவங்க எல்லாம் பாக்கலாம்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க என் பொண்ணுக்குப் பாடம் எடுத்தவங்க. நீங்களாவது வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"வாங்கித் தரேன்" என்றார் டீச்சர். வேறு எதையும் அந்தத் தேர்தலில் அவர் அப்படி அடித்துச் சொல்லவில்லை.

சின்ன வித்தியாசத்தில் ஜெயித்தார். சட்டமன்றத்தில் முதல் நாள் சபாநாயகர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். டீச்சருக்கு, வகுப்பில் பிள்ளைகள் சொல்வதுபோல, 'வணக்கம் ஐயா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேச வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் சூளையைப் பற்றியே பேசினார். அவர் எழுந்தாலே, "டீச்சர் எழுந்துட்டாங்க, சூளை வருது" என்று பின்வரிசையில் முணுமுணுப்பார்கள். கடைசியில் அந்த நச்சரிப்பு பொறுக்காமலோ என்னவோ, பதவிக்காலம் முடிய ஒரு வருடம் இருக்கும்போது சூளை வந்தது. பேட்டையின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு கேஸ் சூளை கட்டினார்கள். பொம்மைகளை அடுக்கி உள்ளே தள்ளுவதற்குத் தண்டவாளத்தின் மேல் ஒரு தள்ளுவண்டி. நிர்வாகக் குழுவுக்கு டீச்சரே தலைவர்.

சூளையைப் பார்த்துக்கொள்ள பக்கிரியை அவர்தான் கொண்டுவந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு தனியார் கம்பெனியில் சூளை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆள். "இது உங்க சொந்த சூளை மாதிரி வச்சிக்குங்க" என்று டீச்சர் கேட்டதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்.

முதல் சுடுதல் நவராத்திரிச் சரக்கு. நாற்பது பேரின் பொம்மையும் ஒரே வண்டியில் ஏறியது. யாருடைய தட்டு எங்கே என்று கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. அதன்பின் எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டி, சூளையைப் பற்ற வைத்தார்கள். புதன்கிழமை விடியற்காலை நெருப்பை அணைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலைவரை தானாக ஆற வேண்டும். வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன் அமைச்சர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு.

புதன் சாயங்காலம் ராஜ்மோகன் தன் சுமோவில் டீச்சர் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"அக்கா, ப்ரோக்ராம் மாறிப்போச்சு. அமைச்சர் நாளைக்கே வராரு. வெள்ளிக்கெழம அவருக்கு சென்னையில மீட்டிங்காம்."

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"பன்னண்டுக்கு. ஒன்னரைக்கு ராகுகாலம் வந்துடும், அதுக்குள்ள முடிச்சிடணும்."

"சூளை ஆறாதே ராஜ்மோகன்."

"ஆறலன்னா என்னாக்கா, நாலு ஃபேன வச்சி ஆத்துவோம். டீ ஆத்தறதில்லயா?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "ரிப்பன மட்டும் வெட்டட்டும். கதவ வெள்ளிக்கெழம நாங்க தெறந்துக்கறோம்."

"மொதப் பொம்மைய அமைச்சர் கையால எடுத்துக் குடுக்கறாருன்னு போஸ்டரு ஒட்டியாச்சு. அவரு ரிப்பன் வெட்டறதுக்கா இவ்வளவு தூரம் வராரு? அது அவருக்கு தெனைக்கும் நடக்கறதுதான்." ராஜ்மோகன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். "நான் ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் இந்த ஜில்லாவுல சீட்டு யாருக்குன்னு அவர்தான் சொல்லணும். கதவு தெறக்கலன்னு அவர வெறுங்கையோட அனுப்புனா எனக்கு நல்லதுதான். எனக்கும் சீட்டு ஆச இருக்குது, மறைக்கல. ஆனா உங்களுக்கு?"

அவர் போன பிறகு டீச்சர் கொட்டகைக்குப் போனார். பக்கிரி சூளைக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணம்மாளும் இருந்தாள், அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பக்கிரி சூட்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார்.

"முடியாதுங்க டீச்சர். நாளைக்குப் பன்னண்டு மணிக்கெல்லாம் இன்னும் அடுப்பு மாதிரிதான் இருக்கும். காத்து பட்டுதுன்னா விரிசல் விட்டுடும்."

இதை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் டீச்சர் இல்லை. வருடா வருடம் எட்டாம் வகுப்பில் கனமான கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, அது விரிசல் விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர். உள்பக்கம் ஒரு சூடு, வெளிப்பக்கம் ஒரு சூடு என்றால் எந்தப் பண்டமும் தாங்காது என்று போர்டில் படம் போட்டவர். இப்போது அதே மனம், டம்ளர் வேறு பொம்மை வேறு என்று சொல்லிப் பார்த்தது. மெதுவாகத் திறந்தால் ஒருவேளை தாங்கும் என்றது. சீட்டு போய்விட்டால், பள்ளி வேலையும் போய், இதுவும் போய், என்ன மிச்சம் என்றும் கேட்டது.

"காலையிலேருந்தே கதவ கொஞ்சங் கொஞ்சமா தெறந்து வைங்க பக்கிரி. அமைச்சர் வந்ததும் வண்டிய பாதி மட்டும் வெளிய இழுங்க. போட்டோ எடுத்ததும் உள்ள தள்ளி மூடிடுங்க."

"நீங்க சொன்னா செய்றேன்."

"நான் சொல்றேன்."

கண்ணம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒன்னும் ஆவாதுல்ல டீச்சர்?"

"ஆவாது" என்றார் டீச்சர்.

மறுநாள் அமைச்சர் பன்னிரண்டரைக்கு வந்தார். சூடான பொம்மையைக் கையால் எடுக்க முடியாது என்பது ராஜ்மோகனுக்கும் தெரிந்திருந்தது. அதனால் கடைவீதியில் ஏற்கெனவே சுட்டு, வண்ணம் பூசி விற்கிற ஒரு பிள்ளையாரை வாங்கிவந்து, வண்டியின் முன்பக்கத்தில் தனியாக ஒரு பலகை மேல் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். கதவு முழுசாகத் திறந்தது. வண்டியைப் பாதி இழுத்து பக்கிரி நிறுத்தினார்.

"அண்ணே, உள்ள இருட்டா இருக்குது, ஒன்னும் தெரியல" என்றார் கேமராக்காரர்.

"முழுசா இழுங்கப்பா!" என்று ராஜ்மோகன் குரல் கொடுத்தார். கரைவேட்டிகள் நாலு பேர் கம்பியைப் பிடித்துச் சரசரவென்று இழுத்துவிட்டார்கள். பக்கிரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் அமைச்சர் அவர் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, நீங்களும் வாங்க, போட்டோவுல நில்லுங்க" என்று கூப்பிட்டார். டீச்சர் போய் நின்றார்.

அனல் முகத்தில் அடித்தது. அமைச்சர் ஓரடி பின்வாங்கி, பிள்ளையாரை எடுத்துக் கண்ணம்மாளிடம் கொடுத்தார். கைதட்டினார்கள். அமைச்சர் பேச ஆரம்பித்தார். பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து முதல் சத்தம் கேட்டது. கரண்டியால் கிண்ணத்தை லேசாகத் தட்டியதுபோல ஒரு 'டிங்'. பிறகு இன்னொன்று. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடர்ந்தது.

அமைச்சர் பேச்சை நிறுத்தினார். "என்னய்யா சத்தம்?"

"ஆறுதுங்கண்ணே" என்றார் ராஜ்மோகன்.

பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அமைச்சர் பேசும்போது எழுந்து போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தப் பக்கம் திரும்பி, இது யாருடைய தட்டு என்று பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்த முகங்களைப் பார்க்காமலிருக்க மைக் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்கள் போன பிறகு எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அடுக்கியிருந்த சில சின்னப் பொம்மைகள்தான் தப்பின. தசாவதாரத்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. செட்டியாருக்குக் கழுத்தில் கோடு, செட்டியாரம்மாவுக்கு இடுப்பில் கோடு.

"என் பொண்ணுக்கு இந்தப் பாடத்த எடுத்தது நீங்கதான டீச்சர்?" என்றாள் கண்ணம்மாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அவ வந்து வூட்ல டம்ளர ஒடச்சிக் காட்டுனா. அடி வாங்குனா. நீங்க தெறக்கச் சொன்னப்பவே எனக்குத் தெரியும் இது இப்படித்தான் ஆவும்னு. ஆனா நீங்க ஆவாதுன்னு சொன்னீங்க. படிச்சவங்க, எம்.எல்.ஏ. வேற, சொல்றாங்களேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"நான் பாத்துக்கறேன் கண்ணம்மா. நஷ்டத்துக்கு எழுதி வாங்கறேன்."

"வாங்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பிள்ளையாரை மேடையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் கடலூரிலிருந்து சாமிதுரை என்ற தொழில்துறை அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தட்டச்சு செய்துவந்த அறிக்கையை நீட்டினார். சூளை இயக்குநர் பக்கிரி, உரிய அனுமதியின்றிக் குறித்த நேரத்துக்கு முன் கதவைத் திறந்ததால் சேதம் ஏற்பட்டது. அவரைப் பணிநீக்கம் செய்து, உறுப்பினர்களுக்கு நிவாரணம் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே குழுத் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இது உண்மையில்லீங்களே சார்."

"தெரியுங்கம்மா. ஆனா ஊழியர் கவனக்குறைவுன்னு எழுதுனா ஒரு மாசத்துல நிவாரணம் வந்துடும். அமைச்சர் விழாவுல நடந்ததுன்னு எழுதுனா ஃபைலு எந்த டேபிள்லயும் நகராது. யாரும் அதத் தொட மாட்டாங்க."

"என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"நான் என்னத்த சொல்றது? நாளைக்கு ஆளனுப்பறேன், கையெழுத்துப் போட்டு வைங்க."

டீச்சர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போய்ச் சங்கத்தைக் கூட்டி, வரி விடாமல் படித்துக் காட்டினார்.

"போட்டுக் குடுத்துடுங்க" என்றாள் கண்ணம்மாள். "பக்கிரி கெட்டிக்கார ஆளு. எந்தக் கம்பெனியிலயும் கூப்புடுவாங்க. நாங்க நாப்பது குடும்பம். அடுத்த மண்ணு வாங்க வழியில்ல."

"அவருதான் கதவத் தெறந்தாருன்னு ஊரு பூரா பேசும்."

"அவருதான தெறந்தாரு?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"நான் சொல்லித் தெறந்தாரு."

"அப்ப நீங்க மாட்டிக்கணும்னு ஆசப்படறீங்களா?" என்றாள் கண்ணம்மாள். "உங்க மனசு ஆறறதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா டீச்சர்?"

டீச்சர் அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் அறிக்கையை இரண்டு தரம் படித்தார்.

"கையெழுத்துப் போட்டா உனக்கும் சீட்டு, அவங்களுக்கும் நிவாரணம். போடலன்னா யாருக்கும் ஒன்னுமில்ல. பக்கிரிக்கு மட்டும் வேல. அப்படித்தான?"

"அப்படித்தாங்க."

"கணக்குப் பாத்தா போடணும்."

"ஆமா."

"ஏன் போட மாட்டேங்கற?"

"இல்லாதத எப்படிங்க எழுதறது? அந்தாளு முடியாதுன்னு சொன்னாரு. என் காதுபடச் சொன்னாரு."

கோகுலகிருஷ்ணன் எழுந்தார். விளக்கைப் போட்டுவிட்டு, பேனாவை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் பக்கிரியைக் குறை சொன்ன வரியையும் பணிநீக்கம் என்பதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினார்: 'இயக்குநர் மறுத்தும், குழுத் தலைவராகிய நான் உத்தரவிட்டதால் சூளை திறக்கப்பட்டது. வண்டி முழுவதும் வெளியே இழுக்கப்பட்டபோதும் நான் தடுக்கவில்லை.' கையெழுத்துப் போட்டார். அமைச்சரின் பெயரை எழுதவில்லை. பயத்தினாலா, அது தேவையில்லை என்பதாலா என்று பிற்பாடு யோசித்தபோது அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

சாமிதுரை சொன்னதுபோலவே நடந்தது. ஃபைல் சென்னைக்குப் போய் எங்கேயோ படுத்துக்கொண்டது. டீச்சர் கோட்டையில் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். "பாக்கறோம் மேடம்" என்றார்கள். அந்த நவராத்திரிக்குச் சங்கத்துப் பெண்களிடம் விற்கப் பொம்மை இல்லை. சிலர் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் போனார்கள். அகல் விளக்குக்கு மண் குறைவாகத்தான் செலவாகும் என்பதால், கடனுக்கு மண் எடுத்து, கார்த்திகைக்கு விளக்கு சுட்டு ஓரளவு தலை நிமிர்ந்தார்கள். சுட்டது பக்கிரிதான்.

அந்தப் பக்கிரியும் டீச்சரை எதிரில் பார்த்தபோது நன்றி சொல்லவில்லை.

"உங்கள யாரு எழுதச் சொன்னது? நான் எங்கயாவது போயிருப்பேன். இப்ப இந்தப் பொம்பளைங்க என்னப் பாத்தாலே இவனாலதான் நிவாரணம் போச்சுன்னு பாக்கறாங்க. ஒருத்தி டீ வாங்கித் தர மாட்டேங்கறா."

"வேலைய விட்டுடலாம்னு இருக்கீங்களா?"

"வுட்டா இத யாரு பாக்கறது?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு மீட்டரைத் துடைக்கப் போனார்.

தேர்தல் வந்தது. நேர்காணலுக்குச் சென்னைக்குப் போன டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "நீங்களே உங்க மேல எழுதிக் குடுத்தீங்களாமே?" ஆமாம் என்றார். "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார்கள். பட்டியலில் ராஜ்மோகனின் பெயர் வந்தது. அன்று முழுக்க வீட்டுப் போன் அடிக்கவில்லை. ராஜ்மோகன் மட்டும் சாயங்காலம் நேரில் வந்து, "அக்கா, பிரச்சாரத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும். நீங்க பேசாம நின்னாலே போதும்" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் டீச்சருக்குப் போவதற்கு இடமில்லை. பள்ளி இல்லை, மனு வாங்குவது இல்லை. காரும் இல்லாததால் நடந்தே பேட்டைக்குப் போனார். கொட்டகையில் அடுத்த சுடுதலுக்குப் பொம்மைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து நிற்கலாமா என்று யோசித்து, உட்கார்ந்தே இருந்துவிட்டாள்.

"என்னா, ஓட்டுக் கேட்டு வந்தீங்களா?" என்றாள் கண்ணம்மாள்.

"எனக்கு சீட்டு இல்ல."

"கேள்விப்பட்டேன். அப்ப எதுக்கு வந்தீங்க?"

"சும்மா."

கண்ணம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சுடாத பொம்மைகள் வரிசையாக நின்ற ஒரு நீளப் பலகையின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள். மறுமுனையைப் பிடிக்க வேண்டியவள் இன்னும் வந்து சேரவில்லை.

"சும்மா நிக்கறதுக்கு இங்க எடமில்ல. அந்தப் பக்கம் புடிங்க."

டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையைப் பிடித்தார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"தூக்காதீங்க. நான் சொன்னப்பறம் தூக்குங்க" என்றாள் கண்ணம்மாள். "ம்… இப்ப."